சொத்துப் பட்டியல்களில் புதைந்த முன்னோர்

நம் சமுதாயத்தில் வம்சாவளியை அறிந்து வைத்திருப்பது நெடுங்காலமாகப் பெருமைக்குரிய ஒன்றாகக் கருதப்பட்டு வந்துள்ளது. கடற்கரைப் பட்டினங்களின் பழைய இல்லங்கள் சிலவற்றில் பாட்டன், பூட்டன் எனத் தொடங்கி அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்த முன்னோர் ஒருவரிடம் சென்று முடியும் நஸப் ஏடுகளை இன்றும் காணலாம். அவற்றுள் எவ்வளவு வரலாறு, எவ்வளவு ஆசை என்பது தனி ஆய்வுக்குரியது. நாம் இங்கே எழுப்ப விரும்பும் வினா வேறு. கப்பலில் வந்தவர்களை இவ்வளவு அக்கறையோடு எழுதி வைத்த நாம், இதே துறைகளிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி என்ன எழுதி வைத்தோம்?

இவ்வினா நூல் படித்து நமக்குத் தோன்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து முஸ்லிம் அம்மையார் ஒருவர் தம் முன்னோரைத் தேடித் தமிழகம் வந்தார். நண்பர் ஒருவர் வழியாக நம்மைச் சந்தித்த அவர், பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று, நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலிலிருந்து எடுத்த படி. அது அவருடைய தந்தைவழிக்கு உரியது. மற்றொன்று, கேப் பகுதியில் இறந்துபோன டச்சுக் குடியானவர் ஒருவரின் சொத்துப் பட்டியலில் ஒரே ஒரு வரி. அது தாய்வழிக்கு உரியது. முதல் தாளைக் கொண்டு அவரை விருதுநகர் மாவட்டம் சிவகாசி வட்டத்திலுள்ள எம். புதுப்பட்டி வரை அழைத்துச் செல்ல நம்மால் இயன்றது. இரண்டாம் தாளைக் கொண்டு எவ்வூருக்கும் அழைத்துச் செல்ல இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கப்பல் பட்டியலைப் பார்ப்போம். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்திய ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். டர்பன் முஸ்லிம்கள் பெரிதும் மதிக்கும் பாதுஷா பீர் அவர்களும் ஒப்பந்தக் கூலியாகவே அங்குச் சென்றவர் என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு ஆகியவை எழுதப்பட்டன. அன்பினால் எழுதப்பட்டவை அல்ல அவை. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்டவை. எனினும் நூறாண்டுக்குப் பின் பேரப்பிள்ளைகளுக்கு அவையே புதையலாகிவிட்டன.

அம்மையாரின் தாளில் ஜில்லா ‘தின்னவேலி’ என்றும், கிராமம் ‘புதுப்பட்டி’ என்றும் இருந்தது. இங்கேயே ஒரு சிக்கல். சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. அவ்வாண்டு இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டபோது அதில் சேர்ந்தன; 1985இல் காமராசர் மாவட்டமாகி, 1990களின் பிற்பகுதியில் விருதுநகர் மாவட்டம் என்ற பெயர் பெற்றன. இவ்வரலாறு தெரியாதவர் இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் தேடிக் களைத்துவிடுவார். அடுத்தது ஊர்ப்பெயர். புதிதாக எழுந்த குடியிருப்பு எதற்கும் புதுப்பட்டி என்று பெயரிடுவது பாண்டி நாட்டு வழக்கம். எம். புதுப்பட்டி ஒன்று, வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி ஒன்று, பெயருக்கு முன் எழுத்தில்லாத சிற்றூர்கள் இன்னும் பல. கப்பலில் ஆளேற்றிய எழுத்தர் அந்த முதலெழுத்தை எழுதவில்லை.

எம். புதுப்பட்டியில் நாம் சந்தித்த முதியவர் ஒருவர் அம்மையாரின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். “புதுப்பட்டிதான், சரிம்மா. எந்தப் புதுப்பட்டின்னு கேக்கணும்ல? தாத்தாவோட ஐயாவுக்கு என்ன பேரு?” என்றார். அம்மையார் தகப்பன் பெயரைச் சொன்னதும், அந்தப் பெயர் வழங்கும் இரண்டு வீடுகளை அவர் நினைவுகூர்ந்தார். தீப்பெட்டியும் பட்டாசும் இப்பக்கம் வருவதற்கு முன், வானம் பார்த்த கரிசல் நிலத்தை விட்டு இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனவர்களைப் பற்றித் தம் பாட்டி சொன்னவற்றையும் கூறினார். உறுதியாக ஒன்றும் கிட்டவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு தகப்பன் பெயர் இருந்தது. நிற்பதற்கு ஓர் ஊரின் தெரு இருந்தது. திரும்பும் வழியில் அம்மையார், “என் தாய்வழிப் பாட்டிக்கு இவ்வளவுகூட இல்லையே” என்றார்.

அந்த இரண்டாம் தாளில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அது ஐரோப்பியப் பெயர். அதன் பின்னே ‘வான் த குஸ்ட்’ என்ற மூன்று சொற்கள். ‘கரையைச் சேர்ந்தவள்’ என்பது பொருள். டச்சுக்காரர் ‘கரை’ என்று வாளா சொன்னால் அது பெரும்பாலும் சோழமண்டலக் கரையையே குறிக்கும். பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரை நீளும் ஒரு நாட்டின் கடலோரம் முழுவதும் அந்தப் பெண்ணுக்கு ஊராக எழுதப்பட்டிருக்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் குடியேற்றம் அமைத்தது. அன்று முதல் 1808இல் அடிமை இறக்குமதி நிறுத்தப்பட்டது வரை ஏறத்தாழ 63,000 அடிமைகள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும், அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள் என்றும் வரலாற்றறிஞர் இராபர்ட் ஷெல் கணக்கிட்டுள்ளார். கேப் அடிமைகள் என்றதும் மலாய்த் தீவினரையே எண்ணும் வழக்கம் அந்நாட்டிலும் நெடுநாள் இருந்தது. வங்காளம், சோழமண்டலம், மலபார் ஆகிய மூன்றும் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

இவர்கள் எவ்வாறு அடிமைகளாயினர்? டச்சு ஆவணங்களைத் துருவி ஆராய்ந்த மார்க்கஸ் விங்க், பஞ்சமும் படையெடுப்பும் சேர்ந்து வந்த காலங்களிலேயே சோழமண்டலக் கரையில் அடிமை ஏற்றுமதி பெருகியது என்பதை ஆண்டுவாரியாகக் காட்டியுள்ளார். 1646இல் மட்டும் 2,118 பேர் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர்; மிகப் பெரும்பாலோர் தென் சோழமண்டலத்தவர். பிஜப்பூர்ப் படைகள் தஞ்சையைச் சூறையாடிய 1659-61 ஆண்டுகளில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கியது. அவர்களுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1673இல் தொடங்கிய நெடிய வறட்சியும், தஞ்சையை முன்னிட்டு மதுரை நாயக்கருக்கும் மராத்தியருக்கும் நிகழ்ந்த போரும், இரக்கமற்ற வரித்தண்டலும் ஒன்றுகூடின. 1677 வரை மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் ஏற்றப்பட்டனர். அது சொக்கநாத நாயக்கர் காலம். மதுரைக் கடற்கரையில் டச்சுக்காரரின் தலைமைத் துறை தூத்துக்குடி; அதற்குப் பின்னிலமாக அமைந்த சீமைகளுள் இன்றைய சிவகாசிப் பக்கமும் ஒன்று. அந்த 1,839 பேரில் இக்கரிசல் காட்டுச் சிற்றூர்களைச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று எந்த ஏடும் சொல்லாது. ஏட்டில் துறையின் பெயர் உண்டு. ஊரின் பெயர் இல்லை.

இவ்விடத்தில் நமக்குச் சங்கடம் தரும் செய்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1640களில் டச்சுக்காரர் அடிமைகளைப் பெற்ற இடங்களுள் தொண்டி, அதிராம்பட்டினம், காயல்பட்டினம் ஆகியவை பெயர் சுட்டிக் கூறப்படுகின்றன. 1680களின் இறுதியில் தஞ்சைப் பகுதியில் விளைச்சல் பொய்த்தபோது, சிறுமியரும் சிறுவருமாக ஆயிரக்கணக்கானோரை நாகப்பட்டினத்திலிருந்து ஆச்சைக்கும் ஜோகூருக்கும் ஏற்றிச் சென்றவர்கள் ஆசிய வணிகர்கள். அந்நாளில் அக்கடல்வழியில் முதன்மை பெற்றிருந்தோர் யார் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இந்துச் செட்டிகளும் ஐரோப்பியரும் அதில் ஈடுபட்டனர் என்பது உண்மை. 1687 செப்டம்பரில் சென்னைக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர் 665 பேரை அனுப்பியதும் உண்மை. பிறர் செய்தார்கள் என்பது நம் கணக்கைத் தீர்த்துவிடாது. நம் கடல் வாணிப வரலாற்றை எழுதுவோர் முத்து, சங்கு, குதிரை, துணி என்று பட்டியலிட்டு, இந்தச் சரக்கை மட்டும் விட்டுவிடுவது நேர்மையாகாது.

இனி, கேப் ஆவணங்களின் இயல்பைக் காண்போம். அங்கு ‘அநாதைகள் மன்றம்’ என்றோர் அமைப்பு இருந்தது. ஒருவர் இறந்தால் அவருடைய சிறுபிள்ளைகளின் பங்கைக் காப்பதற்காக மன்றத்தின் அலுவலர் வீட்டுக்கு வந்து, அறை அறையாகச் சென்று பொருள்களை எழுதுவார். முன்கூடத்து நாற்காலிகள், கட்டில், செப்புப் பாத்திரம், கண்ணாடி, பின்னர் கொட்டில், ஏர், வண்டி, மாடு. அவற்றோடு அடிமைகள். மாட்டுக்குப் பெயர் எழுதப்படுவதில்லை, அடிமைக்கு எழுதப்படும். வாங்கவும் விற்கவும் அடையாளம் வேண்டுமல்லவா? இப்பட்டியல்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மன்றம் கலைக்கப்பட்ட 1834 வரை தொடர்கின்றன. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவற்றை எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்துக் கணினியில் ஏற்றும் அரும்பணி நிகழ்ந்தது. மூல ஏடுகள் கேப் டவுனில் ரோலண்ட் தெரு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவ்விடம் முன்னாளில் சிறைச்சாலையாக இருந்தது.

இவ்வேடுகளில் ஒருவரைத் தேடுவோர் அடிமையின் பெயரைக் கொண்டு தேட இயலாது. எஜமானரின் பெயரைக் கொண்டுதான் தேட வேண்டும். எஜமானர் பிறந்தது, மணந்தது, கடன்பட்டது, இறந்தது, சொத்து ஏலம் போனது என்று அவர் வாழ்வைத் தொடர்ந்தால், இரு மரணங்களுக்கு நடுவே அடிமையின் பெயர் ஒருமுறை தோன்றி மறையும். தம் பாட்டியைக் காண்பதற்காக, பாட்டியை விலைக்கு வாங்கியவனின் குடும்ப வரலாற்றை முழுதும் கற்க வேண்டிய நிலை. அம்மையார் அதைத்தான் செய்திருந்தார். அந்த டச்சுக் குடும்பத்தின் நான்கு தலைமுறையைத் தடையின்றி ஒப்புவித்தார்.

பெயரும் நம்பத்தக்கதன்று. கியூபிடோ, டைட்டஸ், சிப்பியோ, கோரிடோன் என்று கிரேக்க, ரோமானியக் கதைகளிலிருந்து பெயர் சூட்டினர். அல்லது வந்திறங்கிய மாதத்தையே பெயராக்கினர். செப்டம்பர், பிப்ரவரி என்னும் குடும்பப் பெயர்கள் அங்கு இன்றும் வழங்குகின்றன. ஊரும் நம்பத்தக்கதன்று. ‘வான் மலபார்’ என்றிருந்தால் மலையாளி என்று முடிவு கட்டலாகாது. இலங்கையிலிருந்த டச்சுக்காரர் தமிழரையே மலபாரிகள் என்றழைத்தனர். ‘வான் சிலோன்’ என்பது அதனினும் வழுக்கலானது. தஞ்சைப் பஞ்சத்தில் விற்கப்பட்ட குழந்தை கொழும்பில் வளர்ந்து, ஊர் திரும்பும் டச்சு அதிகாரி ஒருவருடன் கேப் துறையில் இறங்கி விற்கப்பட்டால், ஏட்டில் அது இலங்கைப் பிள்ளை. ஹாலந்தில் அடிமை வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தராததால், திரும்பிச் செல்லும் அதிகாரிகள் வழியில் கேப்பிலேயே அவர்களை விற்றுவிடுவது வழக்கம்.

அமெரிக்காவில் இதே தேடலில் இறங்கியோரின் பட்டறிவு இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. அங்கு உள்நாட்டுப் போருக்கு முன் எடுக்கப்பட்ட 1850, 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் உண்டு. அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டுமே. அங்கும் இங்குமாகச் சில விதிவிலக்குகள் தவிர, 1860இல் ஏறத்தாழ நாற்பது இலட்சம் மாந்தர் பெயரின்றி எண்ணப்பட்டனர். விடுதலைக்குப் பின் வந்த 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அவர்கள் எல்லோருக்கும் பெயர் வருகிறது. அதற்கு முன்னே செல்ல விரும்புவோர் பண்ணையாரின் உயில், சொத்து மதிப்பீடு, பாகப்பிரிவினை, அடமானப் பத்திரம் ஆகியவற்றையே நாட வேண்டும். மேரிலாந்து இயேசு சபையார் 1838இல் 272 பேரை லூசியானாப் பண்ணைகளுக்கு விற்றனர். அவ்விற்பனைக்காக எழுதிய பெயர்ப் பட்டியல் அழியாமல் இருந்ததால், அவர்களின் வழித்தோன்றல்கள் பலரை அண்மைக் காலத்தில் கண்டறிய முடிந்தது. விற்றவர்களின் ஒழுங்கான கணக்கே விற்கப்பட்டவர்களின் நினைவைக் காத்தது என்பது விந்தையே.

அவ்வடிமைகளுள் முஸ்லிம்களும் இருந்தனர். ஃபூத்தா தோரோ நாட்டின் உமர் இப்னு சயீது 1807இல் சார்ல்ஸ்டன் துறையில் இறக்கப்பட்டு, 1831இல் தம் வரலாற்றைத் தாமே அரபியில் எழுதினார். ஜார்ஜியாவின் சாப்பலோ தீவில் அடிமைகளின் மேற்பார்வையாளராயிருந்த பிலாலி, மாலிக்கி மத்ஹபின் ஃபிக்ஹுச் செய்திகளை நினைவிலிருந்து எழுதிய சிறு ஏடு ஒன்றை விட்டுச் சென்றார். பண்ணைக் கணக்கில் ஒரு தலையாக மட்டும் எண்ணப்பட்டவர்கள் தம் கையால் தம்மை எழுதிக்கொண்ட அரிய நிகழ்வுகள் இவை. கரையிலிருந்து சென்ற நம்மவர் ஒருவர் தமிழிலோ அரபுத்தமிழிலோ இவ்வாறு எழுதிய ஏட்டை நாம் இதுவரை கண்டதில்லை.

ஆயினும் கேப் டவுனில் அவர்கள் வேறொன்றை விட்டுச் சென்றுள்ளனர். டார்ப் தெருவிலுள்ள அவ்வல் பள்ளிவாசல் தென்னாப்பிரிக்காவின் முதற் பள்ளிவாசல். திதோர்த் தீவிலிருந்து 1780இல் நாடு கடத்தப்பட்டு, ராபன் தீவுச் சிறையில் இருந்தபோது திருக்குர்ஆனை நினைவிலிருந்து எழுதிய துவான் குரு அவர்கள் அதன் முதல் இமாம். இது பலரும் அறிந்தது. பள்ளி அமைந்த நிலம் யாருடையது என்பதைப் பலர் அறியார். 1794இல் அதை வாங்கியவர் விடுதலை பெற்ற முஸ்லிம் ஒருவர். பெயர் கோரிடோன் வான் சிலோன். அவருக்குப் பின் அது அவர் மனைவிக்கு வந்தது. அவர் பெயர் திரைன் வான் த குஸ்ட். நம் கரையைச் சேர்ந்த திரைன்! அவர்களின் மகள் சார்ச்சி வான் த காப் அதைப் பள்ளிவாசலுக்கென விட்டார். அவருடைய கணவரும் பின்னாளில் அங்கு இமாமாக இருந்தவருமான அஹ்மது, வங்காளத்தவர். ஒரு தலைமுறைக்கு முன் பிறர் சொத்துப் பட்டியலில் வரியாக இருந்தவர்கள், தம் பெயரில் சொத்து எழுதி அதை இறையில்லத்துக்கு அளித்திருக்கின்றனர். திரைன் எந்த ஊரில் பிறந்தார், தாய் அவரை எந்தப் பெயரால் அழைத்தாள் என்பது தெரியாது. அவர் தமிழச்சியாக இருந்திருக்கலாம். தெலுங்குப் பெண்ணாகவும் இருந்திருக்கலாம்.

கேப் அடிமைகளிடையே இஸ்லாம் பரவியதற்கு ஞானியரின் தொண்டு முதற் காரணம். அதோடு ஒரு சட்டமும் சேர்ந்துகொண்டது. கிறிஸ்தவம் தழுவிய அடிமையை விற்கலாகாது என்று 1770இல் கம்பெனி விதித்தது. விற்கும் உரிமையை இழக்க விரும்பாத எஜமானர்கள் தம் அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கினர். பள்ளிவாசலின் கதவு திறந்திருந்தது.

அடிமை மீட்பைப் பேரறமாக இஸ்லாம் கற்பித்தது; குற்றங்களுக்குப் பரிகாரமாகவும் விதித்தது. ஆயினும் அடிமை முறை முஸ்லிம் நாடுகளில் நூற்றாண்டுகள் நீடித்தது என்பதை வரலாறு படித்தவர் மறுக்க மாட்டார். வம்சாவளி என்னும் நம் பொருளுக்கு நேரே தொடர்புடைய ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். ஹஜ்ரத் ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் சிறுவயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டுச் சந்தையில் விற்கப்பட்டவர். மகனைத் தேடி அலைந்த தந்தை கடைசியில் மக்காவுக்கே வந்து சேர்ந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜைதை விடுவித்து மகனாகவே ஏற்றபோது, மக்கள் அவரை முஹம்மதின் மகன் என்றழைத்தனர். பின்னர் அருளப்பட்ட அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்றும், தந்தையர் யாரெனத் தெரியாவிடில் அவர்கள் மார்க்கத்தில் சகோதரர்களும் மவாலிகளும் ஆவர் என்றும் கருத்துரைக்கிறது. பெற்றவர் பெயரை அழிக்கும் உரிமை வளர்த்தவருக்கும் இல்லை. அப்படியிருக்க விலைக்கு வாங்கியவருக்கு ஏது?

நம் அறிவு மரபும் இதை ஓரளவு கடைப்பிடித்தது. ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் தந்தை ரபாஹ், தாய் ஹமாமா என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தனர். இப்னு உமர் (ரலி) அவர்களின் விடுதலை பெற்ற அடிமையான நாஃபிஉ, ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையில் பொன்போல் மதிக்கப்படுகிறார். நூபிய வழிவந்த அதா இப்னு அபீ ரபாஹ் மக்காவின் பேரறிஞராக விளங்கினார். ரிஜால் நூல்களில் ‘இன்னாரின் மவ்லா’ என்ற குறிப்புடன் நூற்றுக்கணக்கானோர் தத்தம் பெயருடன் வாழ்கின்றனர். அவர்கள் கற்றவர்கள், ஆகவே பெயர் நின்றது என்று சொல்லலாம். பாத்திரம் தேய்த்தவளின் பெயர் பக்தாதிலும் நிற்கவில்லைதான்.

இனி நம் வீட்டுக்குள் நோக்குவோம். தமிழகத்தில் அடிமை முறை இருந்ததில்லை என்று எண்ணுவோர் இன்னும் உளர். ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய ‘தமிழகத்தில் அடிமை முறை’ என்னும் நூல் அவ்வெண்ணத்துக்கு இடம் வைக்கவில்லை. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் இல்லத்தின் ஓலைகளை அ.கா. பெருமாள் வெளிக்கொணர்ந்தபோது நிலப் பத்திரங்களோடு ஆட்களை விற்ற ஓலைகளும் கூடவே வந்தன. தஞ்சை, தாமிரபரணி, நாஞ்சில் ஆகிய நெல் விளையும் நிலங்களில் ஆளும் மண்ணும் ஒருங்கே கைமாறின. விற்கவும் ஒற்றி வைக்கவும் சீதனமாகக் கொடுக்கவும் பட்டன. 1833ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கிவிட்டது. ஆகவே கேப்பில் 38,000க்கு மேற்பட்டோர் 1834 டிசம்பர் 1 அன்று பெயரளவிலும் 1838இல் உண்மையிலும் விடுதலை பெற்றபோது, அவர்கள் பிடித்துச் செல்லப்பட்ட தமிழ் மண்ணில் அடிமைப் பத்திரம் செல்லுபடியாகவே இருந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் நீதிமன்றங்கள் அதை ஏற்பதைத் தடுத்தது. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத் தொகுப்பே அதைக் குற்றமாக்கியது.

ஆக, 1843 வரை நம் ஊர்களிலும் ஒருவர் இறந்தால் பங்கு பிரிக்கும்போது ஆட்களும் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. ஃபராயிள் முறைப்படி நுணுக்கமாகப் பாகம் பிரித்த சமுதாயம் நம்முடையது. அப்பாகப் பத்திரங்கள், மரக்கலக் கணக்குகள், அரபுத்தமிழில் எழுதிய வீட்டுக் குறிப்புகள் ஆகியவை இன்று எங்கே? நஸப் ஏட்டைப் பட்டுத்துணியில் சுற்றிவைக்கும் இல்லத்தார், அதே பெட்டியில் கிடக்கும் கணக்கேட்டைப் பழைய தாள் என்று போட்டுவிடுகின்றனர். கேப் டவுனின் அம்மையார் ஒருவருக்கோ, மொரீஷியஸில் ஒருவருக்கோ, நம் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கோ வேண்டிய பெயர் அந்தக் கணக்கேட்டில் இருக்கக்கூடும். அப்பெயர் நம் முன்னோருக்குப் பெருமை தராதிருக்கலாம். எரித்துவிடலாம் என்று நினைப்பவர், அது தம் முன்னோரின் கணக்கு மட்டுமன்று, வேறொருவரின் ஒரே ஏடு என்பதையும் நினைக்க வேண்டும்.

பழைய தாள் என்றதும் எம். புதுப்பட்டிப் பயணத்தின் கடைசி நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. திரும்பும் வழியில் சாலையோரப் பழைய தாள் கிடங்கு ஒன்றில் தேநீருக்காக நின்றோம். பட்டாசுக் குழாய் சுற்றுவதற்குத் தாள் ஏராளமாக வேண்டும். வெடித்துச் சிதறிய துகளில் அச்செழுத்தைக் காணாத பிள்ளை இப்பக்கத்தில் இராது. செய்தித்தாள், பள்ளி நோட்டு, விடைத்தாள் என்று கட்டுக்கட்டாகக் கிடந்தவற்றுள் தடித்த அட்டையிட்ட பேரேடு ஒன்றை அம்மையார் கண்டார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆயினும் ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை வரிவரியாக இறக்கி, “இவை பெயர்களா?” என்று கேட்டார். பெயர்கள்தாம். ஏதோ ஒரு பருத்திக் கிடங்கின் 1930களின் கூலிக் கணக்கு. பெயரும், சில பெயர்களுக்கு எதிரே ஊரும், வாங்கிய முன்பணமும் எழுதியிருந்தன.

அவர் தேடிய எதற்கும் அதனோடு தொடர்பில்லை. இருந்தும் எடைக்கு விலை கொடுத்து வாங்கினார். விமானத்தில் சுமை கூடும் என்று நம்மிடமே விட்டுச் சென்றார். முதல் நாற்பது பக்கங்களைப் படியெடுத்து முடித்திருக்கிறோம். அவற்றுள் புதுப்பட்டி என்ற ஊர் மூன்று இடங்களில் வருகிறது; எந்தப் புதுப்பட்டி என்று எழுதியவர் குறிக்கவில்லை.